கெடு வைக்காத நம்பிக்கை

எருசலேம் ஆலயத்தில், ஆசாரியர்களும் ஜனங்களும் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு தீர்க்கதரிசிகள் எதிரெதிரே நின்ற கதை எரேமியா புத்தகத்தின் 28ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கி.மு. 597இல் பாபிலோன் படை வந்து இளம் அரசனையும் பிரபுக்களையும் கைவினைஞர்களையும் ஆலயத்துப் பாத்திரங்களையும் கொண்டுபோய்ச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. போனவர்கள் எப்போது வருவார்கள் என்பதுதான் வீட்டுக்கு வீடு பேச்சாக இருந்திருக்கும். கிபியோன் ஊரைச் சேர்ந்த அனனியா எழுந்து, இன்னும் இரண்டே வருஷம், பாத்திரங்களும் அரசனும் ஜனங்களும் திரும்பிவிடுவார்கள் என்று கர்த்தரின் பெயரால் சொன்னார். பாபிலோனுக்கு அடங்கி நடக்க வேண்டிய காலம் இது என்பதைக் காட்ட எரேமியா தம் கழுத்தில் மாட்டியிருந்த மர நுகத்தை அனனியா பிடுங்கி உடைக்கவும் செய்தார். கூட்டத்துக்கு அது எவ்வளவு இதமாக இருந்திருக்கும்! எரேமியாவே அப்படி நடந்தால் நல்லது என்றுதான் முதலில் சொல்கிறார். ஆனால் பாபிலோனில் இருந்தவர்களுக்கு அவர் எழுதிய கடிதத்தில், அதுதான் அடுத்த அதிகாரம், கணக்கு வேறு. எழுபது வருஷம். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், உங்களைச் சிறைபிடித்துப் போன அந்த ஊர் நன்றாக இருக்க வேண்டிக்கொள்ளுங்கள் என்கிறது கடிதம். அதை வாங்கிப் படித்த நாற்பது வயதுக்காரர் எவரும் ஊர் திரும்பியிருக்க முடியாது.

கிறிஸ்தவ விசுவாசம் துன்பத்தில் இருக்கும் மனிதரைத் தாங்குமா, அல்லது ஏமாற்றுமா என்ற கேள்வி பழையது. இறையியலாளர்கள், அவர்களை எதிர்த்த தத்துவவாதிகள், அண்மைக் காலத்தில் மருத்துவ ஆய்வாளர்கள் என்று பலரும் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். அவற்றையெல்லாம் அடுக்கிப் பார்த்தால், என் பார்வையில், வழக்கு திரும்பத் திரும்ப அனனியாவிடமும் எரேமியாவிடமும் வந்து நிற்கிறது. கெடு வைத்த நம்பிக்கை சீக்கிரம் ஆறுதல் தருகிறது. கெடு தாண்டியதும் நம்பியவரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. கெடு வைக்காத நம்பிக்கைக்கு அந்த ஆபத்து இல்லை. ஆனால் அதைக் கைக்கொள்வது கடினம், அதைப் பிரசங்கிப்பது அதைவிடக் கடினம்.

டிசம்பர் 31 இரவு தமிழ்நாட்டில் எந்தச் சபைக்குப் போனாலும் இதைக் கண்ணால் பார்க்கலாம். மணி பன்னிரண்டு அடித்து, வாழ்த்துச் சொல்லிக் கைகுலுக்கி முடிந்ததும், பீடத்துக்கு முன்னால் தட்டில் கவிழ்த்து வைத்த சிறிய அட்டைகளுக்கு வரிசை நிற்கும். புது வருஷத்து வாக்குத்தத்தம். கண்ணை மூடி ஜெபித்துவிட்டு எடுப்பவர்கள் உண்டு. மேலே இருப்பதை விட்டு நடுவிலிருந்து உருவுபவர்கள் உண்டு. கண் தெரியாத பாட்டி பேரனிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லி, கேட்டுக்கொண்டே சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைப்பார். அட்டை பிறகு வேதாகமத்துக்குள்ளோ பீரோ கண்ணாடியிலோ வருஷம் முழுக்க இருக்கும். நான் இதைக் கேலி செய்ய மாட்டேன். வேலை இல்லாத மகன், தள்ளிப்போகும் கல்யாணம், வட்டிக்கு வாங்கிய கடன் என்று எத்தனையோ அந்த வரிசையில் நிற்கின்றன. ஆனால் அந்த அட்டைகளில் மிக விரும்பப்படும் வசனம் எரேமியா 29:11. தேவன் உங்களைக் குறித்து நினைப்பது தீமைக்கு அல்ல, நல்ல முடிவுக்கே என்ற கருத்துடையது. அதற்கு நேர் மேலே உள்ள பத்தாம் வசனத்தில்தான் எழுபது வருஷம் என்று இருக்கிறது. பத்தாம் வசனம் அச்சிட்ட அட்டையை நான் எங்கும் பார்த்ததில்லை. எரேமியாவின் கடிதத்தை எடுத்து, அனனியாவின் கணக்கில் விநியோகிக்கிறோம்.

அதே எரேமியா, சில அதிகாரங்கள் தள்ளி, ஒரு நிலம் வாங்குகிறார். எருசலேமைப் பாபிலோன் படை முற்றுகையிட்டிருக்கிறது. நகரம் விழும் என்று சொன்னதற்காக அவரே அரண்மனைக் காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அப்போது பெரியப்பா முறையோ சித்தப்பா முறையோ, ஓர் உறவுக்காரரின் மகன் வந்து, ஆனதோத்தில் இருக்கும் என் நிலத்தை நீ வாங்கிக்கொள், மீட்கும் உரிமை உனக்குத்தான் என்கிறான். அந்த ஊர் ஏற்கெனவே எதிரிப் படையின் பிடியில். எவரும் தொட மாட்டார்கள். எரேமியா பதினேழு சேக்கல் வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார், சாட்சிகளை வைத்துக் கையெழுத்திடுகிறார், முத்திரையிட்ட பத்திரத்தையும் திறந்த நகலையும் தம் எழுத்தர் பாருக்கிடம் கொடுத்து, நெடுங்காலம் கெடாமல் இருக்க மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். வேதாகமத்தில் இவ்வளவு நுணுக்கமாக விவரிக்கப்பட்ட கிரயம் வேறு இல்லை என்றே சொல்லலாம். அந்த நிலத்தை அவரோ அவர் வழி வந்தவர்களோ அனுபவித்தார்களா? புத்தகம் சொல்லவில்லை. எரேமியாவுக்குப் பிள்ளைகளே இல்லை. நம்பிக்கை அங்கே ஓர் உணர்ச்சியாக வரவில்லை. பணம் எண்ணுவதாக, பத்திரம் எழுதுவதாக, அடுத்த தலைமுறைக்கு ஒரு தாளைக் காப்பாற்றி வைப்பதாக வருகிறது.

இந்தக் கிரயத்தை இருபதாம் நூற்றாண்டில் மறுபடி நினைத்தவர் டீட்ரிக் போன்ஹோஃபர். இட்லரை எதிர்த்த ஜெர்மன் போதகர். 1943 ஜனவரியில் அவருக்கு நிச்சயம் ஆனது, ஏப்ரலில் கைதானார். பெர்லின் டேகல் சிறையிலிருந்து, தமக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், எரேமியா நிலம் வாங்கியதைச் சுட்டிக்காட்டித் தங்கள் திருமணமும் அப்படி இந்தப் பூமியின் எதிர்காலத்தின் மேல் வைக்கும் நம்பிக்கைதான் என்ற பொருளில் எழுதினார். திருமணம் நடக்கவே இல்லை. 1945 ஏப்ரல் 9ஆம் தேதி ஃப்ளாசென்பர்க் முகாமில் அவர் தூக்கிலிடப்பட்டார். இரண்டு வாரத்தில் அமெரிக்கப் படை அந்த முகாமை விடுவித்தது. அவர் நம்பிக்கை பொய்த்ததா? கெடு வைத்துப் பார்ப்பவருக்குப் பொய்த்தது. அவருடைய சிறைக் கடிதங்களைப் படித்து ஆட்சியாளர்களை எதிர்க்கத் துணிந்த தென்னாப்பிரிக்கச் சபைகளைக் கேட்டால் பதில் வேறாக இருக்கும்.

கெடு வைக்காத நம்பிக்கைக்கு வேதாகமம் வைக்கும் இன்னொரு நிபந்தனை, அழ அனுமதிப்பது. இதை நம் சபைகள் ஏறக்குறைய மறந்துவிட்டன. சங்கீதங்களில் பெரிய பங்கு முறையீடு. தேவனே ஏன் தூங்குகிறீர், எத்தனை காலம் முகத்தை மறைப்பீர் என்ற தொனியில் நேருக்கு நேர் கேட்பவை. அவற்றுள் பெரும்பாலானவை கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும். 88ஆம் சங்கீதம் திரும்பாது. இருளிலேயே தொடங்கி இருளிலேயே முடிகிறது. அதைத் தொகுத்தவர்கள் ஓர் ஆறுதல் வரியைச் சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. எருசலேம் எரிந்த பிறகு எழுந்த புலம்பல் புத்தகத்தின் கட்டுமானத்தைப் பாருங்கள். ஐந்து பாடல்கள். முதல் நான்கும் எபிரெய அகரவரிசையில் அமைந்தவை, ஒப்பாரியைக்கூட எழுத்தெண்ணி ஒழுங்குபடுத்தியிருக்கிறார்கள். கர்த்தரின் இரக்கங்கள் காலைதோறும் புதியவை என்ற கருத்து, புத்தகத்தின் நடுவில், மூன்றாம் பாடலில் வருகிறது. நாம் காலண்டரில் போடுவது அதை மட்டும். நம்பிக்கை அதன் பிறகு மங்கிப்போய், நான்காம் ஐந்தாம் பாடல்கள் மறுபடி பசியையும் அவமானத்தையும் பேசி, தேவன் எங்களை முழுக்கக் கைவிட்டுவிட்டாரோ என்ற ஐயத்தில் முடிகின்றன. நம்பிக்கையை முடிவில் வைக்காமல் நடுவில் வைத்த அந்தக் கவிஞர் துக்கத்தை நன்றாக அறிந்தவர்.

இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கர் இந்த மரபை விடவில்லை. கோவாவிலிருந்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் (1676–1742) இயற்றிய வியாகுலப் பிரசங்கத்தைத் தவக்காலத்தில் இழுத்து ராகமாக வாசிப்பது அங்கே இன்றும் வழக்கம். கிறிஸ்துவின் பாடுகளைக் கேட்டு ஊரே சேர்ந்து அழும் அந்த வாசிப்பில், சொந்தச் சாவுகளுக்கான அழுகையும் கலந்துவிடுகிறது. நம் பக்கத்தில், அதிலும் புதிய சபைகளில், துக்க வீட்டுக்கு வரும் போதகர் அழுதுகொண்டிருக்கும் தாயிடம், விசுவாசிகள் அழக்கூடாது, பரலோகத்தில் பார்ப்போம் என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். லாசருவின் கல்லறைக்கு முன்னால் இயேசு அழுதார் என்று யோவான் எழுதியிருக்கிறார். இன்னும் சில நிமிஷத்தில் அவனை எழுப்பப் போகிறவர் அழுதிருக்கிறார். யோபுவின் நண்பர்கள்கூட முதல் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான். பேச ஆரம்பித்ததும் கெட்டது.

கெடு வைக்காத இந்த நம்பிக்கைக்கு இறையியலில் நிதானமான விளக்கம் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே இருக்கிறது. நம்பிக்கை என்பது வருங்கால நன்மை ஒன்றைப் பற்றியது, அந்த நன்மை அடைவதற்கு அரியது, ஆனால் தேவனின் உதவியால் அடையக்கூடியது என்றார் தாமஸ் அக்குவினாஸ். அதற்கு எதிரான பாவங்கள் இரண்டு என்றும் சொன்னார். ஒன்று அவநம்பிக்கை. மற்றது, தேவன் நமக்குச் செய்தே தீருவார் என்று மிஞ்சிப்போய் எண்ணுகிற அகந்தை. நம் மேடைகளில் முதலாவதை மட்டும்தான் கண்டிக்கிறோம். விதைத்த காணிக்கை நூறு மடங்காகத் திரும்பும், இந்த மாதத்துக்குள் கடன் தீரும் என்று முழங்குவது அக்குவினாஸ் சொன்ன இரண்டாவது பாவத்தில் வரும்.

எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது? மதம் மக்களின் அபின் என்ற மார்க்ஸின் 1844ஆம் ஆண்டு வரி எல்லோருக்கும் மனப்பாடம். மதத்தில் வெளிப்படும் துயரம் உண்மைத் துயரத்துக்கு எதிரான முறையீடும்கூட என்ற கருத்து அதே பத்தியில் இருப்பதை அவரை மேற்கோள் காட்டும் பலர் படித்ததில்லை. குற்றச்சாட்டில் உண்மை உண்டு. மறுமையில் கிடைக்கும் என்று சொல்லி இம்மைக் கூலியை மறுத்த முதலாளிகள் கிறிஸ்தவ வரலாறு நெடுக இருந்திருக்கிறார்கள். ஆனால் அந்த முதலாளிகளே வேதாகமத்தைக் கண்டு பயந்தார்கள் என்பதற்கு அச்சில் சாட்சி இருக்கிறது. 1807இல் இலண்டனில், மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்காக ஒரு வேதாகமம் அச்சிடப்பட்டது. சாதாரண வேதாகமத்தின் 1,189 அதிகாரங்களில் அதில் இருந்தவை 232 மட்டுமே. எகிப்திலிருந்து அடிமைகள் வெளியேறும் கதையை எடுத்துவிட்டார்கள். கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தையும் எடுத்துவிட்டார்கள். அபினாக மட்டும் இருந்திருந்தால் முழுப் புத்தகத்தையும் தாராளமாகக் கொடுத்திருப்பார்களே. கத்தரிக்கோல் வைத்தவருக்குத் தெரிந்திருந்தது, எந்தப் பக்கத்தில் நெருப்பு இருக்கிறது என்று.

இந்தக் கேள்வியை இருபதாம் நூற்றாண்டில் முழுதாக எடுத்துப் பேசியவர் யூர்கன் மோல்ட்மன். 1943 ஜூலையில் நேச நாட்டு விமானங்கள் ஹாம்பர்க்கை எரித்தபோது பதினேழு வயதுப் பையன், விமான எதிர்ப்புப் பீரங்கி ஒன்றில் உதவியாள். பக்கத்தில் நின்ற நண்பன் குண்டில் சிதறிப்போனான். கிறிஸ்தவப் பழக்கம் பெரிதாக இல்லாத வீடு அவருடையது. தேவன் எங்கே என்று அன்றைக்குத்தான் முதலில் கேட்டதாகப் பிற்காலத்தில் சொன்னார். சரணடைந்து, போர்க்கைதியாக ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் இருந்தார். அங்கேதான் நாஜிகளின் வதை முகாம் படங்களைக் காட்டினார்கள். ஒரு பாதிரியார் கொடுத்த வேதாகமத்தில் முறையீட்டுச் சங்கீதங்களையும், சிலுவையில் கைவிடப்பட்டவராகக் கதறும் இயேசுவையும் படித்தபோது, என்னைப் புரிந்துகொள்ளும் ஒருவர் இவர் என்று பட்டதாம். 1948இல் ஊர் திரும்பினார். 1964இல் வெளியான ‘நம்பிக்கையின் இறையியல்’ அவரை உலகறியச் செய்தது. அதை எழுதத் தூண்டியவர்களில் முக்கியமானவர் எர்ன்ஸ்ட் ப்ளாக் என்னும் நாத்திக மார்க்சியர் என்பது சுவையான விஷயம். மனித வாழ்வே இன்னும் வராததை நோக்கிய இழுவை என்று மூன்று பாகங்களில் எழுதியவர் ப்ளாக். மோல்ட்மன் அதை வாங்கிக்கொண்டு, உயிர்த்தெழுதலை நம்புகிறவன் இருக்கிற உலகத்தோடு சமாதானமாகப் போக முடியாது, அதை மாற்றாமல் அவனுக்குத் தூக்கம் வராது என்றார். இந்தப் புத்தகம் வெற்றி முழக்கமாகப் படிக்கப்படுவதைக் கண்டோ என்னவோ, 1972இல் ‘சிலுவையில் அறையப்பட்ட தேவன்’ என்ற நூலையும் எழுதினார். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிய நூல். 2024 ஜூனில், 98 வயதில் காலமானார்.

திருநெல்வேலிச் சீமையில் இறையியல் நூல் எதுவும் படிக்காமலேயே இதைச் செய்தவர்கள் இருந்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் சாத்தான்குளம் வட்டாரத்தில் கிறிஸ்தவர்களான எளிய மக்கள் வீடிழந்து, ஜெபவீடு இடிக்கப்பட்டு அலைந்தபோது, உபதேசியார் தாவீது சுந்தரானந்தம், படை அதிகாரி ஒருவர் கொடுத்த பணத்தில் தேரிக்காட்டுப் பக்கம் நிலம் வாங்கி 1799இல் அவர்களைக் குடியேற்றினார். அப்படி அமைந்த முதல் ஊர் என்பதால் அதன் பெயர் முதலூர். பிறகு சாமுவேல் சாயர் என்ற வணிகர் வாங்கிக் கொடுத்த நிலத்தில் சாயர்புரம். பாளையங்கோட்டையில் இருந்த மிஷனரி ரேனியுஸ் இதற்கென்றே தர்மசங்கம் ஒன்றை ஏற்படுத்தினார். ஜமீன் ஆளின் சவுக்குக்கு அஞ்சி இருந்தவர்களுக்குப் பரலோகத்தைப் பற்றிய பிரசங்கத்தோடு பட்டாவும் கொடுத்தது அந்தச் சபை. பனை ஏறியவர்களின் பெண் பிள்ளைகள் வாசிக்கப் படித்தார்கள். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் பல்லாயிரம் பேர் வேதத்தில் சேர்ந்தபோது கஞ்சிக்காக வந்தவர்கள் என்ற ஏச்சு எழுந்தது. எழட்டும். பசித்தவன் கஞ்சி கிடைக்கும் இடத்தில் நம்பிக்கை வைப்பதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. சாதி. ஒரே உயிர்த்தெழுதலை அறிக்கையிடுகிற சபை, செத்த பிறகும் தலித் கிறிஸ்தவருக்குத் தனிக் கல்லறை ஒதுக்கியது. திருச்சியில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே எழுப்பிய சுவர் பல ஆண்டுகள் செய்தியாயிற்று. அரசாங்கம் தன் பங்குக்கு, 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை மூலம் இவர்களைப் பட்டியல் சாதியில் சேர்க்காமல் விட்டது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் அந்தக் கதவு திறந்தது, கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. 1980களில் அரவிந்த் நிர்மல் போன்றவர்கள் தொடங்கிய தலித் இறையியலும், மதுரை இறையியல் கல்லூரியில் தியாப்பிலஸ் அப்பாவு நாட்டுப்புற மெட்டில் கட்டிய பாடல்களும் இந்தக் காயத்திலிருந்து வந்தவை. மறுமை நம்பிக்கை பேசும் எவரையும் நான் முதலில் கேட்க விரும்புவது, உங்கள் ஊர்க் கல்லறையில் சுவர் இருக்கிறதா என்பதைத்தான். இருந்தால், அங்கே பிரசங்கிக்கப்படும் உயிர்த்தெழுதலை அந்தச் சபையே நம்பவில்லை.

மருத்துவ ஆய்வுகள் என்ன காட்டுகின்றன? ஹார்வர்டின் டைலர் வாண்டர்வீல் குழு அமெரிக்கச் செவிலியர் சுமார் 90,000 பேரை 1996 முதல் 2010 வரை தொடர்ந்து கவனித்து, வாரம் ஒரு முறையாவது ஆராதனைக்குப் போகிறவர்களிடையே தற்கொலை விகிதம், போகாதவர்களைவிட ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கே இருந்ததாக 2016இல் வெளியிட்டது. ஒன்றோடொன்று சேர்ந்து வருவதை வைத்து இதனால்தான் அது என்று சொல்லிவிட முடியாது, ஆனாலும் வேறுபாடு பெரியது. 2001இல் கென்னத் பார்கமென்ட் குழு, மருத்துவமனையில் இருந்த முதியோர் 596 பேரைப் பார்த்தது. தேவன் என்னைக் கைவிட்டார், என் பாவத்துக்குத் தண்டிக்கிறார், இது பிசாசின் வேலை என்று உள்ளுக்குள் மல்லுக்கட்டியவர்கள் அடுத்த இரண்டு ஆண்டில் இறக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. மூன்றாவது, 2006இல் ஹெர்பர்ட் பென்சன் குழு வெளியிட்டது. பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 பேர். முகம் தெரியாதவர்கள் அவர்களுக்காக ஜெபித்ததால் பலன் எதுவும் தெரியவில்லை. தங்களுக்காக ஜெபம் நடக்கிறது என்று உறுதியாக அறிந்தவர்களில் 59 சதவீதத்தினருக்குச் சிக்கல்கள் ஏற்பட்டன, மற்றவர்களைவிட அதிகம். எதிர்பார்ப்பின் பாரமோ என்று ஆய்வாளர்களே ஊகித்தார்கள். மூன்றையும் சேர்த்து வைத்தால் எனக்குத் தோன்றுவது இது. கூடி உட்காருவது தாங்குகிறது. தேவன் தண்டிக்கிறார் என்று நோயாளிக்குச் சொல்வது ஆபத்தாகலாம். ஜெபத்தை மருந்துச் சீட்டாக்கி முடிவு நாள் குறித்தால் அது எதிர்பார்த்தபடி நடப்பதில்லை.

வேலூரில் இதற்கு உயிருள்ள சான்று இருந்தது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954 ஜனவரியில் வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே அசைவற்றுப் போனார். குணமாக எத்தனையோ பேர் ஜெபித்திருப்பார்கள். கால் வரவில்லை. தொழுநோயாளிகளின் மடங்கிய கைகளை அறுவை செய்து நிமிர்த்திக்கொண்டிருந்த பால் பிராண்ட், உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய வேலை அது என்று அவருக்குக் காட்டினார். சக்கர நாற்காலியில் அமர்ந்து அவர் அந்த விரல்களை அறுவை செய்யத் தொடங்கினார். தன்னால் நடக்க முடியாத மருத்துவர், விரல் மடங்கிய நோயாளியிடம் உன் கை வேலை செய்யும் என்று சொன்னபோது அந்த நோயாளிக்கு வேறு பிரசங்கம் தேவைப்பட்டிருக்காது. பிறகு நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து, வேலூரை அடுத்த பாகாயத்தில் 1966இல் மறுவாழ்வு நிலையத்தைத் தொடங்கினார். 1972இல் பத்மஸ்ரீ. 1986இல் மறையும் வரை அந்த நாற்காலிதான். அதே பாகாயத்தில் 1957 முதல் இயங்கும் மனநல மையம், நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சை பெறும் முறையைக் கொண்டுவந்தது. விசுவாசம் இருந்தால் மனநோய் மாத்திரை எதற்கு என்று கேட்கும் ஊழியர்களுக்கு, அந்த மையத்தை நடத்துவதே ஒரு கிறிஸ்தவ நிறுவனம்தான் என்பது நல்ல பதில்.

ஒட்டுமொத்தமாக ஓர் ஊர் அழியும்போது என்ன? 1755 நவம்பர் 1, சகல பரிசுத்தவான்கள் திருநாள், லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தில் விழுந்தபோது ஆலயங்களுக்குள் இருந்தவர்கள் நசுங்கினார்கள். வால்டேர் அதைக் கேட்டுத் தேவ நீதி பேசியவர்களைக் கிழித்தெறிந்தார். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிறு, வேளாங்கண்ணிக் கடற்கரையில் வெளியூர் யாத்ரீகர்கள் கூட்டம் கூட்டமாகச் சுனாமி அலையில் போனார்கள். தண்ணீர் ஆலயத்துக்குள் வரவில்லை என்பதை அற்புதமாகப் பலர் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். கடற்கரையில் பிள்ளையை விட்டவர் காதில் அது எப்படி விழும் என்று சொல்கிறவர்கள் யோசிப்பதாகத் தெரியவில்லை. கட்டடத்தைக் காத்து ஜனங்களை விட்டுவிடும் தேவனை எந்தச் சுவிசேஷத்திலும் காண முடியாது.

மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் வேறு வழியில் போனார். 2011 ஜனவரியில் இலங்கை அரசின் ஆணைக்குழு முன்னால் அவர் வைத்தது ஒரு கழித்தல் கணக்கு. அரசாங்கத்தின் சொந்தப் பதிவுகளின்படி 2008 அக்டோபரில் போர்ப் பகுதியான வன்னியில் இருந்தவர்கள் 4,29,059. போர் முடிந்து வெளியே வந்தவர்கள் 2,82,380. மீதி 1,46,679 பேர் எங்கே? 2021 ஏப்ரல் 1ஆம் தேதி அவர் இறக்கும் வரை பதில் வரவில்லை. இன்றும் வரவில்லை. செத்தவர்களைத் தேவன் மறப்பதில்லை என்று நம்புகிறவர் மட்டுமே இப்படிக் கடைசி இலக்கம் வரை எண்ணுவார் என்று நினைக்கிறேன். 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் கொழும்பு, நீர்கொழும்பு ஆலயங்களிலும் குண்டு வெடித்தது. சீயோனில் இறந்தவர்களில் பலர் ஞாயிறு பள்ளி முடித்து வெளியே நின்ற பிள்ளைகள். மன்னிக்கிறோம் என்று சொன்ன அதே மக்கள் நீதிமன்றப் படியும் ஏறினார்கள். எச்சரிக்கை கிடைத்தும் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி சிறிசேன பத்துக் கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மன்னிப்பும் வழக்கும் ஒன்றுக்கொன்று முரண் என்று எண்ணுவோர் எரேமியாவை மறுபடி படிக்கலாம். பாபிலோனுக்காக ஜெபிக்கச் சொன்னவர்தான் பாபிலோனின் அக்கிரமத்தையும் எழுதி வைத்தார்.

ஆகவே போதகர்களுக்கும் சபை மூப்பர்களுக்கும் ஜெபக்குழு அக்காமாருக்கும் ஒரு வேண்டுகோள். ஜெபித்தும் பிள்ளை பிழைக்காத வீடு, உபவாசம் இருந்தும் புற்றுநோய் தீராத வீடு உங்கள் பதிவேட்டில் கட்டாயம் இருக்கும். அந்த வீட்டுக்காரர்கள் எத்தனை ஞாயிறாக ஆராதனைக்கு வரவில்லை என்று பாருங்கள். போய் உட்காருங்கள். காரணம் சொல்லாதீர்கள், விசுவாசக் குறைவு என்று வாய் தவறியும் சொல்லாதீர்கள். அழுதால் அழ விடுங்கள், மருத்துவரிடம் போக வேண்டியிருந்தால் கூட்டிக்கொண்டு போங்கள், ஆஸ்பத்திரிக் கடன் இருந்தால் காணிக்கைப் பெட்டியைத் திறங்கள். அடுத்த மாதமும் போங்கள்.